முக்கால் மணி நேரத்தில் தக்காளி சீஸ் சிக்கன்: சோறும் பரோட்டாவும் இல்லாத ராத்திரிச் சாப்பாட்டுக்கு முழு வழிகாட்டி

ராத்திரியில் மாவுச்சத்தைக் குறைக்க நினைக்கிறவர்களுக்கான இந்தச் சமையலை இதுவரை ஆறேழு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எல்லாருமே நன்றாகச் சமைக்கிறவர்கள்தான். ஆனாலும் முதல் தடவை எல்லார் சட்டியிலும் ஒரே கதைதான். கறி வெளுத்துப் போய், தக்காளித் தண்ணீரில் மிதந்து, மேலே சீஸ் கட்டி கட்டியாய் நின்றது.

காரணம் கைப்பழக்கம். வெங்காயம், தக்காளி, கறி, தண்ணீர் என்று குழம்பு வைக்கிற வரிசையிலேயே கை போகிறது. இங்கே வரிசை வேறு. முதலில் கறி, அதை எடுத்து வைத்துவிட்டு அதே சட்டியில் தக்காளி, மறுபடி கறி, அடுப்பை அணைத்த பிறகுதான் சீஸ்.

கோழி நெஞ்சுக்கறியில் முக்கால் பங்கு தண்ணீர். தக்காளியில் 100க்கு 94 பங்கு தண்ணீர். மொசரெல்லா சீஸிலும் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். எந்தத் தண்ணீரை விரட்டுவது, எதை உள்ளேயே நிறுத்துவது என்று தெரிந்தால் போதும், மசாலா முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

இரண்டு பேருக்கான அளவு இது.

எலும்பில்லாத கோழிக்கறி 400 கிராம்
தக்காளி 300 கிராம் (நடுத்தர அளவில் நாலு)
மொசரெல்லா சீஸ் 80 கிராம்
பல்லாரி வெங்காயம் பாதி
பூண்டு 6 பல்
மிளகு 1 தேக்கரண்டி, சோம்பு அரை தேக்கரண்டி, இரண்டையும் ஒன்றிரண்டாகத் தட்டியது
மிளகாய்த்தூள் அரை தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி
கடலை எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி
உப்பு, மல்லித்தழை

இஞ்சி பூண்டு விழுதை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். சூடான சட்டியில் கறியை வாட்டும்போது விழுதுதான் முதலில் கருகிக் கசக்கும். பூண்டைத் தக்காளியோடு சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை. கரம் மசாலாவும் வேண்டாம், பட்டை கிராம்பு வாசனையில் சீஸின் பால் வாசனை அமுங்கிப் போகும். சோம்பும் மிளகும் போதும்.

எண்ணெயில் என் கட்சி கடலை எண்ணெய். நல்லெண்ணெய் நம் ஊர்க் கோழிக் குழம்புக்கு எவ்வளவு பொருந்துமோ, சீஸுக்கு அவ்வளவு பொருந்தாது.

சட்டி அகலமாக, அடி கனமாக இருக்கட்டும். கறித்துண்டுகள் ஒன்றையொன்று இடிக்காமல் படுக்க வேண்டும். குழிந்த வடச்சட்டியில் எண்ணெய் நடுவில் போய் நிற்கும், கறியும் அங்கேயே ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியும். இரும்புச் சட்டியில் கறி அருமையாகச் சிவக்கும்தான். ஆனால் தக்காளியின் புளிப்பு இரும்போடு சேர்ந்து நாணயத்தை நக்கிய மாதிரி ஒரு ருசி கொடுக்கும், பழக்கி வைத்த சட்டியின் எண்ணெய்ப் பூச்சும் போய்விடும். எவர்சில்வரோ நான்ஸ்டிக்கோ எடுங்கள். நான்ஸ்டிக் என்றால் புகைய விடாதீர்கள். மூடி சரியாக உட்கார வேண்டும், இல்லையென்றால் ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்துக்கொள்ளலாம்.

2. கறிக்கடையில் சொல்ல வேண்டியது

சாதாரணமாகக் கடையில் "போன்லெஸ் அரைக் கிலோ" என்று சொன்னால், நாம் பர்ஸை எடுப்பதற்குள் புளியமரக் கட்டையில் டக் டக்கென்று சில்லி சிக்கன் துண்டாக்கிவிடுவார்கள். நம் பகுதியில் போன்லெஸ் வாங்குவது பெரும்பாலும் அதற்குத்தான் என்பதால் அவர்கள் மேல் குற்றமில்லை. கத்தி எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

"அண்ணே, தொடைக்கறி, எலும்பு மட்டும் எடுத்துட்டு முழுசா விரிச்சுக் குடுங்க. துண்டு போட வேணாம்."

"குழம்புக்கா, வறுவலுக்கா?"

"ரெண்டுக்கும் இல்லண்ணே. அப்படியே குடுங்க."

சின்னத் துண்டு ஏன் கூடாது? துண்டு சிறிதாகச் சிறிதாக வெட்டுப்பட்ட பக்கங்கள் கூடும், ஒவ்வொரு பக்கமும் தண்ணீர் விடும். சட்டி குளமாகி, கறி வாடுவதற்குப் பதில் அவிந்துவிடும்.

தொடைக்கறியா நெஞ்சுக்கறியா என்றால் புதிதாகச் செய்கிறவர்களுக்குத் தொடைதான். அதில் கொழுப்பு சற்றுக் கூடுதல், இரண்டு நிமிடம் அதிகம் வெந்தாலும் மன்னித்துவிடும். நெஞ்சுக்கறி மன்னிக்காது. அதுதான் கிடைத்தது என்றால் படுக்கை வாட்டத்தில் கத்தியை விட்டு இரண்டு தகடாகப் பிளந்துகொள்ளுங்கள். ஒரு முனை விரற்கடை உயரமும் மறுமுனை காகிதம் மாதிரியும் இருந்தால், தடித்த பக்கம் வேகும்போது மெல்லிய பக்கம் சக்கையாகும். ஒன்றரை சென்டிமீட்டர் கனம் போதும்.

நாட்டுக்கோழி இதற்கு வேண்டாம். அது நின்று வேக வேண்டிய கறி, பத்து நிமிடச் சமையலுக்கு மசியாது.

3. தக்காளி: எது, எவ்வளவு

மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போனாலும் தெருவில் வருகிற தள்ளுவண்டியிடம் வாங்கினாலும் இரண்டு வகை கண்ணில் படும். சதை கெட்டியாக, சற்று நீண்டு இருக்கும் பெங்களூர்த் தக்காளி ஒன்று. மேலே வரி விழுந்து, தோல் மெலிந்து, கிள்ளினால் சாறு பீய்ச்சும் நாட்டுத் தக்காளி இன்னொன்று.

நாட்டுத் தக்காளியில் புளிப்பும் ருசியும் அதிகம், சாறும் அதிகம். நாலையும் அதிலேயே போட்டால் சுண்டுவதற்குள் பொறுமை போய்விடும். பெங்களூர் மட்டும் போட்டால் கெட்டியாக வரும், ருசி மொட்டையாக இருக்கும். என் கணக்கு மூன்று பெங்களூர், ஒரு நாட்டு. நாலையும் பொடியாக நறுக்குங்கள். மிக்சியில் அரைக்காதீர்கள், அரைத்த தக்காளி பச்சை வாசனை போகும்வரை தெறித்துக்கொண்டே இருக்கும், அடுப்பு மேடை முழுக்கப் புள்ளிக் கோலம்.

பாட்டிலில் வரும் தக்காளி சாஸ் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அதில் சர்க்கரை இருக்கிறது. மாவுச்சத்தைக் குறைக்கத்தானே இத்தனை பாடு?

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனபோது இரண்டே தக்காளியில் செய்தேன். ஒன்றும் குறைந்துவிடவில்லை. இதில் தக்காளி கறிக்கு மேல்பூச்சுதான், குழம்பு அல்ல.

4. சீஸ் பாக்கெட்டின் பின்பக்கம்

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

குழந்தைகளுக்கு வாங்கும் சதுரக் கட்டிகளும் ஸ்லைஸும் பதப்படுத்திய சீஸ். பிரியாமல் வழுவழுப்பாக உருகுவதற்கென்றே அதில் சில உப்புகள் சேர்க்கிறார்கள். உருகும், ஆனால் நூல் இழுக்காது, உப்பும் தூக்கலாக இருக்கும். மொசரெல்லாதான் இழுபடும், உப்பும் பொதுவாகக் குறைவு. அவசரத்துக்கு வேறு கிடைக்காவிட்டால் பதப்படுத்திய சீஸையே போடலாம், தக்காளியில் உப்பே போடாமல்.

பாக்கெட்டைத் திருப்பி மூன்று விஷயம் பாருங்கள். சேர்மானத்தில் பாமாயில் அல்லது வேறு தாவர எண்ணெய் இருந்தால் அது சீஸ் மாதிரி செய்யப்பட்ட ஒன்று, சீஸ் இல்லை, திருப்பி வைத்துவிடுங்கள். இரண்டாவது, 100 கிராமுக்குக் கார்போஹைட்ரேட் எவ்வளவு என்ற வரி. நல்ல மொசரெல்லாவில் 2, 3 கிராம்தான் இருக்கும். மூன்றாவது, துருவியே விற்கும் பாக்கெட் என்றால் ஒட்டாமல் இருக்க மாவுப்பொருள் தூவியிருப்பார்கள். ருசிக்குக் கேடில்லை, ஆனால் உருகும்போது மாவு மாவாக நிற்கும். கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவது நல்லது.

பாக்கெட்டுக்குள் பனித்துகள் மினுங்கினால் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். மின்சாரம் அடிக்கடி போகும் பகுதிக் கடைகளில் இது சகஜம். வாங்கின சீஸை வெயிலில் ஸ்கூட்டர் முன்னால் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றாமல் கடைசியாக வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வாருங்கள். சித்திரை வெயிலில் கால் மணி நேரம் போதும், பாக்கெட்டுக்குள் எண்ணெய் கசிந்திருக்கும்.

துருவும்வரை ஃபிரிட்ஜில் இருக்கட்டும். குளிர்ந்த சீஸ்தான் துருவலாக விழும், இளகினது துருவியில் அப்பிக்கொள்ளும்.

5. வெஞ்சனம் முதலில், கறி அப்புறம்

என் மதினிக்குச் சர்க்கரை கூடியபோதுதான் இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். கறி நன்றாகவே வந்தது. தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏத்தா, இதுக்குத் தொட்டுக்க என்ன?" என்றார். அவர் கணக்கில் கறி என்பதே தொட்டுக்கொள்கிறதுதான், சாப்பாடு என்பது வேறு. அன்றைக்கு அண்ணன் முக்குக் கடையில் போய் நாலு பரோட்டா வாங்கி வந்தார்.

ஒரு பரோட்டாவுக்கு 50 கிராம் மைதா என்று வைத்தாலும் மாவுச்சத்து 37 கிராம். இந்தச் சட்டி முழுவதையும் கணக்குப் போட்டால் தக்காளியில் சுமார் 12, வெங்காயம் பூண்டில் 9, சீஸிலும் மசாலாவிலும் ஒரு 3, ஆக 24 கிராம். இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 12. இரண்டு பரோட்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அந்த 12 கிராம் 86 ஆகிவிடும்.

அதனால் அடுப்பில் கறி ஏறும் முன்பே தட்டை நிரப்ப ஒரு பொரியல் தயாராக இருக்க வேண்டும். கோஸ், பீன்ஸ், புடலங்காய் எதுவும் சரி. 250 கிராம் கோஸை மெல்லிசாக அரிந்து, கடுகு தாளித்து, தண்ணீர் விடாமல் வதக்கினால் எட்டு நிமிடம். கடலைப்பருப்பைக் கை நிறையப் போட வேண்டாம், தேங்காய்த்துருவல் போடலாம். சின்ன வெங்காயம் போட்டால் இன்னும் நல்லது என்று நினைப்பீர்கள். பல்லாரியைவிட அதில் மாவுச்சத்து கொஞ்சம் கூடுதல்தான், அளவாக இருக்கட்டும்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள், இன்சுலின் எடுக்கிறவர்கள் ஒரேயடியாகச் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும். மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குப் போட்டது. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

6. கறியை உலர்த்திப் புரட்டுவது

கறியைக் கழுவாமல் சமைக்க நம் வீடுகளில் மனசு வராது. கழுவுங்கள், ஆனால் குழாயை வேகமாகத் திறந்து தெறிக்க விடாதீர்கள். பச்சைக் கறியின் கிருமி பக்கத்தில் நறுக்கி வைத்த மல்லித்தழையில் போய் விழும். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் மெல்ல அலசி எடுத்து, சிங்க்கையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

அடுத்து வருவதைத்தான் பத்துப் பேரில் ஒன்பது பேர் தாண்டிப் போகிறார்கள். கறியை வடிகட்டியில் ஐந்து நிமிடம் வைத்து, டிஷ்யூ காகிதத்தால் இரண்டு பக்கமும் ஒற்றி எடுக்க வேண்டும். தொட்டால் விரல் வழுக்காமல் லேசாக ஒட்ட வேண்டும், அதுதான் பதம். மேலே ஈரம் இருக்கும்வரை கறியின் மேல்பக்கம் 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து வறுத்த மணம் வருவதற்கு ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும்.

உலர்ந்த கறியில் அரை தேக்கரண்டி உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், தட்டிய மிளகு சோம்பில் பாதி, அரை தேக்கரண்டி எண்ணெய் போட்டுப் புரட்டி 15 நிமிடம் வையுங்கள். தயிரோ எலுமிச்சைச் சாறோ வேண்டாம், இரண்டும் மறுபடி ஈரம். கார்ன்ஃபிளவர் ஒரு கரண்டி போட்டால் மொறுமொறுப்பு வருமே என்று என் அக்கா மகன் கேட்டான். ஒரு மேசைக்கரண்டியில் 7 கிராம் மாவுச்சத்து, அதோடு தக்காளியில் போட்டதும் அந்த மொறுமொறுப்பு ஊறிக் கூழாகிவிடும்.

இந்த 15 நிமிடத்தில் தக்காளி நறுக்குவது, சீஸ் துருவுவது, பொரியலை முடிப்பது எல்லாம் ஆகிவிடும்.

7. வாட்டுவது: கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற வேலை

பெரிய பர்னரில், நடுத்தரத்துக்கு மேல் தீயில் சட்டியைக் காய வையுங்கள். எவர்சில்வர் என்றால் ஒரு துளி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுர்ரென்று அங்கேயே ஆவியானால் இன்னும் காயவில்லை. முத்துப்போல உருண்டு ஓடினால் சரி. நான்ஸ்டிக்கில் இந்தச் சோதனை வேண்டாம், எண்ணெயோடேயே மிதமாகக் காய வைத்தால் போதும்.

எண்ணெய் ஊற்றிக் கறியை ஒவ்வொன்றாகப் படுக்க வையுங்கள். சட்டியில் இடம் போதாவிட்டால் இரண்டு ஈடு. மொத்தமாக அள்ளிப் போட்டால் சட்டியின் சூடு இறங்கி, கறி விடும் தண்ணீர் ஆவியாகாமல் தேங்கும்.

சத்தத்தைக் கவனியுங்கள். சடசடவென்று பொரிகிற சத்தம் கேட்க வேண்டும். கொதிக்கிற மாதிரி களகளவென்று கேட்டால் தண்ணீர் சேர்ந்துவிட்டது, இரண்டு துண்டை வெளியே எடுத்துத் தீயைக் கூட்டுங்கள்.

இனி நாலு நிமிடம் கரண்டியைத் தொடாதீர்கள். கிளறிக் கிளறிப் பழகிய கைக்கு இது பெரிய தண்டனை. சீக்கிரம் புரட்டினால் சிவந்த தோல் சட்டியிலேயே தங்கிவிடும். சிவந்தபின் கறி தானாகவே அடியை விடும். ஓரத்தில் தோசைக்கரண்டியைக் கொடுத்துத் தள்ளிப் பாருங்கள், நகர்ந்தால் திருப்பலாம், நகராவிட்டால் இன்னும் அரை நிமிடம். மறுபக்கம் மூன்று நிமிடம்.

எடுத்துத் தட்டில் வையுங்கள். உள்ளே இன்னும் முழுதாக வெந்திருக்காது, வேகவும் கூடாது. மீதி வேக்காடு தக்காளியில். தட்டில் இறங்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள்.

8. அதே சட்டியில் தக்காளி

சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைக் கருகல் என்று நினைத்துக் கழுவிவிட்டவர்கள் இரண்டு பேர். இந்தச் சமையலில் ருசி முழுக்க அதில்தான். கறுப்பாகி, கசந்த வாசனை வந்தால் மட்டும் கழுவுங்கள்.

தீயைக் குறைத்து, பொடியாக அரிந்த வெங்காயம், ஒரு நிமிடம் கழித்து நசுக்கிய பூண்டு. பூண்டு வாசனை எழும்பியதும் தக்காளி, கால் தேக்கரண்டி உப்பு, மீதி மிளகு சோம்பு. உப்பு தக்காளியின் சாற்றை வெளியே இழுக்கும், அந்தச் சாறு அடியில் ஒட்டியதைக் கரைக்கும். கரண்டியால் சுரண்டிக் கொடுங்கள்.

மூடி போடாதீர்கள். மூடினால் ஆவி திரும்பச் சட்டியிலேயே விழும். மிதமான தீயில் ஆறிலிருந்து எட்டு நிமிடம். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும், கரண்டியால் நடுவே ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் இரண்டு நொடி அப்படியே இருக்கும். அதுதான் பதம். கோட்டில் தண்ணீர் ஓடி வந்து நிரம்பினால் பொறுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் சீஸ் தக்காளி மேல் உட்காராமல் மிதக்கும், பிறகு எதுவும் செய்ய முடியாது.

9. கறியை மீண்டும் சேர்ப்பது

கறியையும் தட்டில் இறங்கிய சாற்றையும் சட்டியில் சேர்த்து, மேலே கொஞ்சம் தக்காளியை ஏற்றிவிட்டு, இப்போது மூடி போட்டுச் சிறு தீயில் நாலு நிமிடம்.

சமையல் வெப்பமானி இருந்தால் கறியின் தடித்த இடத்தில் 74 டிகிரி காட்ட வேண்டும். இல்லையென்றால் பெரிய துண்டை நடுவில் கீறிப் பாருங்கள். சிவப்போ கண்ணாடி போன்ற பளபளப்போ இல்லாமல் நார் நாராகப் பிரிந்து, சாறு தெளிவாக வர வேண்டும். சந்தேகம் இருந்தால் இன்னும் இரண்டு நிமிடம். சீஸ் போட்ட பிறகு வேக வைக்க வழியில்லை, அதனால் சந்தேகத்தை இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

10. அடுப்பை அணை, அப்புறம் சீஸ்

முதல் தடவை நான் செய்தபோது சீஸைத் தக்காளியோடு சேர்த்துத் தீயைக் கூட்டிக் கிளறினேன். சீக்கிரம் உருகட்டும் என்றுதான். ஒரு நிமிடத்தில் அது சுருண்டு, ரப்பர் உருண்டையாகி, எண்ணெய் தனியே நின்றது. கடித்தால் கீச்சென்றது. அதிகச் சூட்டில் சீஸின் புரதம் இறுகிக்கொண்டு, பிடித்து வைத்திருந்த கொழுப்பையும் தண்ணீரையும் வெளியே விட்டுவிடும்.

அடுப்பை அணையுங்கள். சட்டியின் கொதி அடங்கட்டும், பத்து எண்ணினால் போதும். துருவிய சீஸைக் கறியின் மேல் மட்டும் தூவி, மூடி போட்டு இரண்டு நிமிடம். கிளற வேண்டாம். மூடியைத் திறக்கும்போது அதன் உட்பக்கம் கோத்திருக்கும் ஆவித்தண்ணீர் சீஸ் மேல் கொட்டாமல் சாய்த்து எடுங்கள். மேலே மல்லித்தழை.

மேல்பக்கம் பீட்சா போலச் சிவக்கவில்லையே என்று கேட்பார்கள். அதற்கு மேலிருந்து சூடு வர வேண்டும், ஓடிஜி என்கிற மின்சார அடுப்பு இருந்தால் மேல் கம்பியை மட்டும் போட்டு மூன்று நிமிடம் வைக்கலாம், சட்டியின் கைப்பிடி பிளாஸ்டிக் இல்லையென்றால். ராத்திரி எட்டரை மணிக்கு எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

11. சொதப்பிவிட்டால்

தண்ணீராக நின்றால், சீஸ் போடும் முன் கவனித்திருந்தால், கறியை வெளியே எடுத்துவிட்டுத் தக்காளியை மட்டும் சுண்ட வையுங்கள். கறியோடு சேர்த்துச் சுண்டினால் கறி சக்கை. மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கும் எண்ணமே வேண்டாம்.

புளிப்பு தூக்கலாக இருந்தால் சர்க்கரை போடக் கை போகும். ஒரு தேக்கரண்டி வெண்ணெயோ பாலாடையோ போட்டாலே புளிப்பு மட்டுப்படும்.

உப்பு கூடிவிட்டால் பக்கத்தில் உப்பில்லாமல் வெள்ளரிக்காய் நறுக்கி வைத்துச் சாப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. கறியில் ஒன்று, தக்காளியில் ஒன்று, சீஸில் ஏற்கெனவே ஒன்று என்று உப்பு மூன்று இடத்தில் இருக்கிறது. அடுத்த தடவை தக்காளியில் போடும்போது கையை இழுத்துப் பிடியுங்கள்.

12. மீந்தால், கழுவினால்

இது ஆறினால் ருசிக்காது, சுடச்சுடச் சாப்பிடுகிற பண்டம். சாப்பிட வருகிறவர் இன்னும் காளவாசல் சிக்னலில் நின்றுகொண்டிருந்தால் ஒன்பதாம் படியோடு நிறுத்தி, அவர் செருப்பைக் கழற்றும்போது சட்டியைச் சூடாக்கிச் சீஸ் போடுங்கள்.

மீந்ததை ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் மத்தியானம்வரை நன்றாக இருக்கும். சூடாக்கும்போது ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி போட்டுச் சிறு தீயில் வையுங்கள்.

சீஸ் ஒட்டிய சட்டியில் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், மறுபடி இளகி நாரோடு நாராகச் சுற்றிக்கொண்டு அந்த நாரையே தூக்கிப் போட வைக்கும். பச்சைத்தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் சீஸ் இறுகித் தகடாக உரிந்து வரும், அப்புறம் சோப்பு.